கப்பலில் பிடித்த நோய்க்கு ஒண்டிக்கடையில் பூட்டு

அனுப்புநர்

ஒண்டிக்கடை,
ஏற்காடு,
சேலம் மாவட்டம்.

பெறுநர்

உயர்திரு நியமன அலுவலர் அவர்கள்,
உணவுப் பாதுகாப்புத் துறை,
சேலம் மாவட்டம்.

பொருள்: ஏற்காடு வியாபாரிகள் குழு சென்ற சொகுசுக் கப்பல் பயணத்தில் வாந்தி, வயிற்றுப்போக்கு பரவியது – அதற்குக் காரணம் என்று வேலம்மாள் என்பவரின் இட்லிக் கடை மூடப்பட்டது – மீண்டும் விசாரித்துக் கடையைத் திறக்க அனுமதிக்கவும், கப்பல் பயணக் குழுக்களுக்குச் சுகாதார விதிகளைக் கட்டாயமாக்கவும் வேண்டுதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

இவ்விஷயத்தில் நான் வாய் திறக்காமல் இருந்தது போதும். இனியும் சும்மா இருந்தால் ஊர் சொல்லும் பொய்க்கு நானும் ஒரு சாட்சி என்றாகிவிடும். ஆகவே நடந்ததை நடந்த வரிசையில் தங்கள் பார்வைக்கு வைக்கிறேன்.

1. ஏற்காட்டில் ஒண்டிக்கடை என்று நாங்கள் சொல்லும் முச்சந்தியில், நாகலூர் பஸ் நிற்கும் இடத்துக்கு அருகே, வேலம்மாள் என்பவர் தகரக் கூரை போட்ட இட்லிக் கடை ஒன்றை நடத்திவந்தார். எஸ்டேட் வேலைக்குப் போகிறவர்கள் காலையில் அங்கே சாப்பிட்டுவிட்டுத்தான் பஸ் ஏறுவார்கள். மாலையில் இட்லியோடு டீயும் உண்டு. அவருக்குக் கணவர் இல்லை. வேறு தொழிலும் இல்லை. சென்ற மாதக் கடைசியில் இங்கே பலருக்கு வாந்தியும் வயிற்றுப்போக்கும் கண்டது. வேலம்மாளின் சட்னிதான் காரணம் என்று வியாபாரிகள் சங்கத்தின் பெயரில் தங்கள் அலுவலகத்துக்குப் புகார் வந்தது. தங்கள் அலுவலர் நேரில் வந்து பார்த்து, கடையை மூடிவைக்கச் சொன்னார். புகாரில் எழுதியிருந்ததை வைத்துப் பார்த்தால் அவர் செய்தது சரிதான். புகாரில் எழுதாமல் விட்டதைத்தான் நான் இங்கே எழுதுகிறேன்.

2. அந்தப் புகாரில் கையெழுத்திட்டவர் சங்கத் தலைவர் திரு. சாதிக் பாஷா. பாத்திரக் கடை வைத்திருப்பவர். கப்பல் பயணத்தை ஏற்பாடு செய்தவரும் அவரே. எனக்கும் அவருக்கும் ஆகாது என்பதை நான் மறைக்க விரும்பவில்லை. பல ஆண்டுகள் சங்கச் செயலாளராக இருந்த என்னை, ஒரே கூட்டத்தில் நாலு பேரைக் கை தூக்க வைத்து இறக்கியவர் அவர். தன் மகன் திருமணத்தில் வாசலில் நின்று கட்டித் தழுவி வரவேற்றுவிட்டு, உள்ளே கடைசிப் பந்தியில் உட்கார வைத்தவரும் அவர்தான். இவற்றை நான் மறக்கவில்லை. மறக்கும் உத்தேசமும் இல்லை. ஆனால் கீழே எழுதியிருப்பவை என் கண்ணால் கண்டவை, காதால் கேட்டவை.

3. சங்கத்துக் குடும்பங்களைச் சேர்ந்த முப்பது பேருக்கு மேல் சென்னைத் துறைமுகத்தில் கப்பல் ஏறினோம். எனக்குப் போக விருப்பமில்லை. என் மனைவிக்கு விருப்பம் இருந்தது, போனேன். கப்பல்காரர்களைக் குறை சொல்ல முடியாது. அறைதோறும் ஆங்கிலத்தில் ஒரு கையேடு வைத்திருந்தார்கள். ஆயிரக்கணக்கானோர் ஒரே கைப்பிடியையும், ஒரே லிஃப்ட் பொத்தானையும், ஒரே கரண்டிக் காம்பையும் தொடும் இடம் அது என்பதால், ஒருவருக்குக் கண்ட வயிற்றுநோய் இரண்டு நாளில் நூறு பேருக்கு வரும் என்று அதில் இருந்தது. கழிப்பறைக்குப் போய்வந்த பிறகும், சாப்பிடும் முன்பும் சோப்புப் போட்டு ஓடும் நீரில் கை கழுவ வேண்டும். வாசலில் வைத்திருக்கும், கையில் தேய்க்கும் சானிடைசரை மட்டும் நம்பக் கூடாது. இந்த வகைக் கிருமிக்கு அது போதாது. வாந்தியோ பேதியோ கண்டால் உடனே கப்பல் மருத்துவரிடம் சொல்லிவிட்டு அறையிலேயே இருக்க வேண்டும். நின்ற பிறகும் இரண்டு நாளுக்குப் பிறர் உண்ணும் உணவைக் கையால் தொடக் கூடாது.

நான் வேதியியலில் முதுகலை படித்தவன். படித்தவனுக்கு ஒரு கடமை உண்டென்று எண்ணி, முதல் நாள் சாப்பாட்டுக் கூடத்தில் எங்கள் குழுவுக்கு இதைத் தமிழில் எடுத்துச் சொன்னேன். "காலேஜ்ல படிச்சு முடிச்ச பாடத்த பாய் கப்பல்ல வந்து நடத்துறாருங்க, எல்லாரும் கையக் கட்டிக்கிட்டு உக்காருங்க" என்றார் சாதிக் பாஷா. குழுவே சிரித்தது. என் மனைவியும் சிரித்தார்.

4. மறுநாள் பகலில், எங்கள் அறைக்கு அடுத்த அறையில் சாதிக் பாஷா வாந்தி எடுக்கும் சத்தம் சுவர் வழியே கேட்டது. ஒரு முறை அல்ல. கடல் ஒத்துக்கொள்ளவில்லை என்று அவருடைய வீட்டார் சொன்னார்கள். அன்று கடல் நம் ஏற்காட்டு ஏரியைப் போல அசையாமல் கிடந்தது. பகையை ஒரு பக்கம் வைத்துவிட்டு, மருத்துவரிடம் போகும்படி அவரிடமே சொன்னேன். "நாங்க சிரிச்சாலும் உங்களுக்குப் பொறுக்காது, வெளிய வந்து நின்னாலும் பொறுக்காதுங்களா பாய்? என்னய ரூமுக்குள்ள அடைச்சுட்டு நீங்க தலைவராயிக்கலாம்னு பாக்குறீங்களாக்கும்" என்றார்.

பிறகு குழுவில் இருந்த எல்லோரையும் கூட்டி, அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்: "யாரும் டாக்டர்கிட்ட வாயத் தொறக்காதீங்க. ஒருத்தருக்குன்னு தெரிஞ்சாப் போதும், அத்தன பேரையும் ரூமுல வெச்சுப் பூட்டிருவாங்க. நாம கடலப் பாக்க வந்தமா, கக்கூசப் பாக்க வந்தமா?" இதற்கும் சிரித்தார்கள்.

5. அன்று மாலை விருந்து. எங்களவர் விருந்துகளில் நாலைந்து பேர் ஒரே பெரிய தட்டைச் சுற்றி உட்கார்ந்து உண்பது உண்டு. அந்தத் தட்டைச் சஹன் என்போம். விருந்து கொடுப்பவர் தன் பக்கத்தில் கிடக்கும் நல்ல கறித்துண்டை எடுத்து விருந்தாளியின் பக்கம் வைப்பார். அது அன்பு. யாரும் மறுக்க மாட்டார்கள். மறுப்பது அவரை அவமதிப்பதாகும். அந்த வழக்கத்தின் மீது எனக்கு ஒரு குறையும் இல்லை. கை சுத்தமாக இருந்தால் அதைவிட நல்ல சாப்பாடு கிடையாது.

சாதிக் பாஷா தன் கடையிலிருந்தே சஹன் தட்டுகளைப் பெட்டியில் வைத்துக் கொண்டுவந்திருந்தார். கப்பல் சமையலறையில் சொல்லிச் செய்த பிரியாணி சூடாகத்தான் வந்தது. பகலெல்லாம் வாந்தி எடுத்த மனிதர், அன்றைக்கு விருந்து கொடுப்பவர் என்ற முறையில், ஒவ்வொரு சஹனாகப் போய் உட்கார்ந்தார். ஒவ்வொன்றிலும் தன் கையால் கறித்துண்டை எடுத்து வைத்தார். குழந்தைகளுக்கு, "சாப்புடு கண்ணு" என்று ஊட்டியும் விட்டார். வாசல் அருகே கை கழுவும் தொட்டி இருந்தது. அதன் பக்கம் அவர் போகவில்லை. நான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அந்த விருந்தில் நான் சாப்பிடவில்லை. புத்திசாலித்தனத்தால் அல்ல. அவர் கொடுக்கும் விருந்தில் கை நனைக்க எனக்கு மனம் வரவில்லை. தலைவலி என்று சொல்லிவிட்டுத் தள்ளி உட்கார்ந்திருந்தேன். என் மனைவி சாப்பிட்டார்.

6. மறுநாள் காலை கரை இறங்கி, வேன்களில் ஊர் திரும்பினோம். எங்கள் வேனை ஓட்டியவர் தமிழ்செல்வன். ஆத்தூர் வருவதற்குள் நாலைந்து பேருக்கு வாந்தி கண்டுவிட்டது. அங்கே ஒரு மருந்துக் கடை முன்பு நிறுத்தி உப்புச் சர்க்கரைப் பொடி வாங்கினோம். மலையேறும்போது மேலும் சிலருக்கு. கொண்டை ஊசி வளைவுகளில் வாந்தி வருவது நம் ஊரில் புதிதல்ல என்பதால், வளைவு ஒத்துக்கொள்ளவில்லை என்று எல்லோரும் முடிவு கட்டினார்கள். ஆத்தூரில் எந்த வளைவு இருக்கிறது என்று நான் கேட்டேன். என் மனைவியின் தலையைத் தன் மடியில் வைத்துக்கொண்டு வந்தவர் சாதிக் பாஷாவின் மனைவி. அதையும் எழுதிவிடுகிறேன். எனக்கு மட்டும் குமட்டல்கூட இல்லை. அதற்காக அந்த வேனில் என்னைப் பார்த்த பார்வைகளை நான் மறக்கப்போவதில்லை.

7. மாலையில் ஒண்டிக்கடையில் இறங்கினோம். நோயாளிகள் உட்பட எல்லோரும் வேலம்மாள் கடைக்குத்தான் போனார்கள். வாந்தி எடுத்தவர்கள் அவருடைய தண்ணீர்க் குடத்தில் தம்ளரை முக்கி வாய் கொப்பளித்தார்கள். சிலர் டீ குடித்தார்கள், சிலர் இட்லி சாப்பிட்டார்கள். வேலம்மாள் பாவம், வெந்நீர் வைத்துக் கொடுத்தார். மறுநாள் காலை அதே குடத்துத் தண்ணீரைத்தான் எஸ்டேட் ஆட்கள் குடித்தார்கள். அடுத்த இரண்டு நாளில் அவர்களில் பலர் படுத்துவிட்டார்கள்.

அந்தக் கடையில் சோப்பு இல்லை. தம்ளர்களை ஒரே வாளித் தண்ணீரில் முக்கி எடுப்பார்கள். இதை நான் மறைக்கவில்லை. ஆனால் நோய் அந்த வாளியில் பிறக்கவில்லை. எங்களோடு வேனில் வந்து இறங்கியது.

கப்பலில் இருந்தபோது கடல் மீது பழி போட்டார்கள். மலையில் வளைவு மீது போட்டார்கள். கடலுக்கும் வளைவுக்கும் பூட்டுப் போட முடியாது. வேலம்மாளிடம் ஒரு தகரக் கதவு இருந்தது.

8. கடை மூடிய மறுநாள் வேலம்மாள் என் கடைக்கு வந்தார். நான் படித்தவன் என்பதால் எனக்குத் தெரிந்திருக்கும் என்று நினைத்திருக்கிறார். "ஏனுங்க பாய், சட்னியில என்ன தப்புன்னு சொன்னாத் திருத்திக்கலாமுங்க. ஒண்ணுமே சொல்லாம மூடச் சொன்னா, நான் எதயிங்க திருத்தறது?" என்று கேட்டார். விசாரிக்கிறேன் என்று சொல்லி அனுப்பிவிட்டேன். இப்போது அவர் கிளியூர்ப் பக்கம் களை வெட்டக் கூலிக்குப் போகிறார். முழங்கால் மடக்க முடியாதவர். நின்றபடியே குனிந்து வெட்டுகிறார். இதற்கிடையில் சாதிக் பாஷா அடுத்த கப்பல் பயணத்துக்குப் பெயர் சேர்த்துக்கொண்டிருக்கிறார்.

9. ஆகவே தங்களிடம் நான் வேண்டுவது இவை.

கப்பலுக்குப் போய்வந்தவர்களைத் தனித்தனியே கூப்பிட்டு ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: முதல் வாந்தி எந்த இடத்தில்? ஒண்டிக்கடைக்கு வந்த பிறகு என்று எல்லோரும் சொன்னால், வேனைக் கழுவிய தமிழ்செல்வனைக் கேளுங்கள். வண்டி நாறியது அவருக்கு மறந்திருக்காது.

வேலம்மாளின் கடையைத் திறக்க அனுமதி கொடுங்கள். குழாய் வைத்த தண்ணீர்த் தொட்டி, சோப்பு, வெந்நீரில் கழுவிய தம்ளர் ஆகியவை வேண்டும் என்று எழுத்தில் சொல்லுங்கள். எதைத் திருத்த வேண்டும் என்று தெரிந்தால் அவர் திருத்திக்கொள்வார்.

கப்பல் பயணம் அழைத்துப் போகிறவர்கள் சுகாதார விதிகளைப் புறப்படும் முன்பே தமிழில் சொல்ல வேண்டும். நோய் கண்டவரை மறைப்பது குற்றம் என்பதையும் சொல்ல வேண்டும். அறையில் இரண்டு நாள் படுத்திருப்பது அவமானமில்லை என்று யாராவது ஓர் அதிகாரி சொன்னால் எங்கள் ஆட்கள் கேட்பார்கள். நான் சொன்னால் சிரிப்பார்கள்.

10. இதை எழுதி முடித்து என் மனைவிக்குப் படித்துக் காட்டினேன். முழுவதும் கேட்டுவிட்டு, "உங்களுக்கு வேணுங்கறது என்னங்க, வேலம்மா கடை தொறக்கறதா, சாதிக் பாய் தலை குனியறதா?" என்று கேட்டார். இரண்டும்தான் என்றேன். "ரெண்டும் கெடைக்காதுங்க" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார்.

யோசித்துப் பார்த்தேன். இதன் அடியில் என் பெயர் இருந்தால், என்னையும் சாதிக் பாஷாவையும் எதிரெதிரே உட்கார வைத்து விசாரிப்பீர்கள். அவர் என் செயலாளர் பதவி போனதைச் சொல்வார், நான் பந்தியைச் சொல்வேன். முன்விரோதம் என்று ஒரு வார்த்தை எழுதி, இருவரையும் சமாதானமாகப் போகச் சொல்லி, கோப்பை மூடுவீர்கள். அந்த அறையில் வேலம்மாளின் பெயரை யாரும் எடுக்க மாட்டார்கள். பெயர் இல்லாவிட்டால் கூப்பிட்டு உட்கார வைக்க ஆள் கிடையாது. விசாரிப்பதென்றால் விஷயத்தைத்தான் விசாரிக்க வேண்டும்.

பெயரில்லாத மனுவுக்கு அலுவலகங்களில் என்ன மரியாதை என்பதை அறிவேன். இதைப் படித்தால் நான் யார் என்று கண்டுபிடிக்க ஒண்டிக்கடைக்காரர்களுக்கு ஒரு டீ குடிக்கும் நேரம் போதும் என்பதையும் அறிவேன். இதை எழுதியது நான்தான் என்று சாதிக் பாஷாவின் முகத்துக்கு நேரே சொல்ல எனக்கு எவ்வளவு ஆசை என்பது தங்களுக்குத் தெரியாது. இருந்தாலும், தங்கள் குப்பைக் கூடைக்குப் போகும் முன் இந்தத் தாளைக் கையில் வைத்துக்கொண்டு தமிழ்செல்வனிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுவீர்கள் என்ற நம்பிக்கையில், கையெழுத்திடாமலே தபாலில் சேர்க்கிறேன்.

இடம்: ஏற்காடு
நாள்: 19.08.2024