தின் என்றால் விறகு

அன்பு மகள் பூர்ணாவுக்கு அம்மா எழுதுவது. முனீஸ்வரர் புண்ணியத்தில் இங்கே பர்மாவில் நானும் உன் அப்பாவும் சுகம், புகையில் கண் எரிவதைத் தவிர ஒரு குறையும் இல்லை, பினாங்கில் நீயும் வேளைக்குச் சாப்பிட்டு உடம்பைப் பார்த்துக்கொண்டு சுகமாக இருப்பாய் என்று நம்புகிறேன். இதையெல்லாம் போனிலேயே சொல்லியிருப்பேன், ஆனால் கரண்ட் வரும்போது நெட் இருப்பதில்லை, நெட் வரும்போது போனில் உயிர் இருப்பதில்லை. பொன்னுத்துரை அண்ணன் தன் மகளைப் பார்க்க அங்கே வருகிறார், அவர் கையில் இந்தக் கடிதமும் ஒரு பாட்டில் வறுத்த இறால் பலாச்சாங்கும் கொடுத்தனுப்புகிறேன். பாட்டில் பாதி காலியாக வந்து சேர்ந்தால் அண்ணனைக் கேள், என்னைக் கேட்காதே.

போன மாதம் அடித்த காற்றில் ரயில் பாதைச் சுவரோரம் நின்ற பெரிய தூங்குமூஞ்சி மரம் விழுந்துவிட்டது. கேஸ் கிடைக்காத இந்த நாளில் தெருவே கத்தியும் ரம்பமுமாக ஓடியது, உன் அப்பா மட்டும் தலை வாரி, பவுடர் போட்டு, சாவகாசமாகப் போனார். நல்ல கிளையெல்லாம் அடுத்தவன் அடுப்புக்குப் போய்விட்டது, நமக்குக் கிடைத்தது அடிமரம், அதிலும் கவை பிரிகிற இடம். அந்த மரத்தின் நார் முறுக்கின கயிறு மாதிரி ஒன்றோடொன்று பின்னிக் கிடக்கிறது பூர்ணா, கோடாலி போட்டால் பிளக்காது, கோடாலியையே பிடித்து வைத்துக்கொள்ளும். உன் அப்பா நட்டநடுவில் ஓங்கி ஒரு போடு போட்டார், உள்ளே போன கோடாலி வெளியே வரவில்லை. கட்டையும் கோடாலியுமாகத் தூக்கித் தரையில் மோதினார், பக்கத்து வீட்டு டோ கின் அம்மா, கூரை இடிகிறதோ என்று பேத்தியைத் தூக்கிக்கொண்டு தெருவுக்கு ஓடினாள். இந்த அழகில்தான் உன் ஜேயா இன்சீனிலிருந்து ரயிலேறி நம் வீட்டு வாசலில் வந்து நின்றான்.

முதல் தடவை அவன் வந்த கூத்தை நான் உனக்குச் சொல்லவே இல்லை. ஜேயாவை வீட்டுக்கு அனுப்புகிறேன், பார்த்துச் சொல்லுங்கள் என்று நீ சொன்னாய், உன் அப்பா அதை ஜெயா என்று காதில் வாங்கி, யாரோ தமிழ்ப் பெண், உன் சிநேகிதி என்று மல்லிகைச் சரம் வாங்கி வைத்துக் காத்திருந்தார். கதவைத் திறந்தால் இன்வெர்ட்டர் பழுது பார்க்கும் பையோடு மீசை வைத்த பர்மியப் பையன். சரம் பிள்ளையார் படத்துக்குப் போனது, உன் அப்பாவும் சபதம் போட்டுவிட்டார், தமிழ் தெரியாத மாப்பிள்ளையோடு ஒரு வார்த்தை பர்மியம் பேசமாட்டேன் என்று. சந்தையில் பேரம் பேசுவது பர்மியம், என்னோடு சண்டை முற்றினால் பர்மியம், தூக்கத்தில் உளறுவதுகூட பர்மியம், அவருக்கு ஒரு சபதம்! அப்பா வாயால் சரி என்று சொல்லாமல் தாலி கட்டிக்கொள்ளமாட்டேன் என்று நீ சொல்லிவிட்டாய், இவரோ அவனுக்குப் புரிகிற பாஷையில் வாயையே திறக்கமாட்டேன் என்கிறார், நடுவில் நான் என்ன செய்வது?

இந்தத் தடவை வந்தவன் பையை வைத்துவிட்டு, கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு தானும் கோடாலிப் பிடியைப் பிடித்தான். இரண்டு பேரும் சேர்ந்து இழுத்த இழுப்பில் கோடாலி வந்தது, இவர்கள் இரண்டு பேரும் மல்லாக்க விழுந்தார்கள். நான்தான் சமையற்கட்டு ஜன்னலிலிருந்து கத்தினேன், சூடான கஞ்சியில் நடுவிலா கை வைப்பீர்கள், ஓரமாகப் போடுங்கள் என்று. அதற்குப் பிறகு ஓரத்தைச் சுற்றிச் சுற்றிப் போட்டான், பத்தை பத்தையாகப் பெயர்ந்து வந்தது. உன் அப்பா மேஸ்திரி மாதிரி பக்கத்தில் நின்று தமிழில் அதட்டிக்கொண்டிருந்தார்.

மத்தியானம் சோறு போட்டேன். மீன் குழம்பு, ரசம், அப்பளம். பச்சை விறகாச்சே, ஊதி ஊதித்தான் அடுப்பு எரியும், நான் அடுப்புக்குப் போய்த் திரும்பினால் இலை முன்னால் ஆள் இல்லை, கொல்லையில் கோடாலிச் சத்தம்! குழம்பில் காரம் கூடிவிட்டதோ என்று எனக்கு நடுக்கம், என் வீட்டுச் சோறு துரைக்கு இறங்கவில்லையா என்று உன் அப்பாவுக்கு முறைப்பு. கூப்பிட்டு உட்கார வைத்தேன், இரண்டு வாய்தான், மறுபடியும் கொல்லை. மூன்றாம் முறை கரண்டியும் கையுமாக அங்கேயே நின்றேன். உழைத்த பிள்ளையாயிற்றே என்று உன் அப்பாவுக்கே மனசு கொஞ்சம் இளகி, நம் வீட்டு வழக்கப்படி மறுபடியும், "தின்னுப்பா, தின், தின்!" என்றார். பையன் "ஹோக்கே, ஊலே", அதாவது சரி மாமா, என்று பயபக்தியோடு எழுந்து கொல்லைக்கு ஓடினான்.

அப்போதுதான் எனக்கு மண்டையில் உறைத்தது. தின் என்றால் பர்மியத்தில் விறகு அல்லவா! சோற்றில் கை வைத்த போதெல்லாம் மாமனார் விறகு, விறகு என்று விரட்டுகிறார் என்று அந்தப் பிள்ளை நினைத்திருக்கிறான். நான் சிரித்த சிரிப்பில் கரண்டி கீழே விழுந்தது. விஷயத்தைச் சொன்னதும் உன் அப்பா முகத்தைப் பார்க்க வேண்டுமே. எழுந்து கொல்லைக்குப் போனார், நான் பின்னாலேயே போனேன். குழம்புக் கையோடு கோடாலியைப் பிடித்துக்கொண்டு நின்றான், உள்ளங்கையெல்லாம் கொப்புளம். அவர் கோடாலியை வாங்கிச் சுவரில் சாய்த்துவிட்டு, அவன் தோளைப் பிடித்து, "சா, தா" என்றார். நம் காதுக்கு அது சாகச் சொல்வதுபோல் இருக்கும், அவன் காதுக்கு அது "சாப்பிடு, மகனே". அதன் பிறகு அவன் சாப்பிட்ட சாப்பாட்டில் எனக்கு ரசம்கூட மிஞ்சவில்லை. சாப்பிடும்போது கண்ணைத் துடைத்துக்கொண்டான், உன் அப்பாவும் துடைத்துக்கொண்டார், இரண்டு பேரும் பழியைப் புகைமேல் போட்டார்கள்.

நீ தினமும் தலைக்கு எண்ணெய் வை, வெறும் நூடுல்ஸைத் தின்று வயிற்றைக் கெடுத்துக்கொள்ளாதே, அந்தப் பிள்ளைக்கு எதை எதையோ தமிழில் சொல்லிக்கொடுத்திருக்கிறாய், முதலில் தின், போதும் என்ற இரண்டு வார்த்தையைச் சொல்லிக்கொடு. முனீஸ்வரர் உங்கள் இருவரையும் ஒன்றாக வாழ வைக்கட்டும். ஒன்றை மட்டும் மறந்துவிடாதே. அவன் பிளந்த விறகை உன் அப்பா மாடிப்படிக்குக் கீழே அடுக்கித் தார்ப்பாய் போட்டு வைத்திருக்கிறார், நான் ஒரு பத்தையை எடுத்தாலும் சண்டைக்கு வருகிறார், நான் சுள்ளி பொறுக்கித்தான் சமைக்கிறேன். கேட்டால், அது கல்யாணச் சமையலுக்கு என்கிறார். விறகு காய்வதற்குள் லீவு சொல்லிவிட்டு வந்து சேர்.

இப்படிக்கு,
சுள்ளிப் புகையில் உன்னை நினைத்துக்கொண்டிருக்கும் அம்மா,
அம்சவேணி