இரும்புலியூர் வீடும் என் வாயும்

நவ. 25, வியாழன்
நாலாவது நாளாக மழை. இதை மழை என்று சொன்னால் மழை கோபித்துக்கொள்ளும். வானத்து ஆபீசில் எவனோ குழாயைத் திறந்துவிட்டு லீவில் போய்விட்டான். விடிகாலையில் ஏரிக்கரை உடைந்தது. வீட்டுக்குள் ஜன்னல் விளிம்பு வரை தண்ணீர். பின்சுவர் சமையலறையோடு சரிந்து உட்கார்ந்துவிட்டது. அக்காவும் நானும் மாதா கோயில் பள்ளிக்கூடத்தில். ஒரே வகுப்பறையில் ஒன்பது லட்சம் பேர். (நாற்பது இருக்கும்.)

கொண்டுவந்தவை: அத்தான் போட்டோ, அக்காவின் ஜெபமாலை, இன்சூரன்ஸ் பாலிசி, என் வெற்றிலைப் பெட்டி.
மறந்தவை: அரிசி, செருப்பு, மூளை.

நவ. 28, ஞாயிறு
வெயில். வீட்டைப் போய்ப் பார்த்தோம். முழங்கால் சேறு. அக்கா அழவில்லை. முந்தானையைச் செருகிக்கொண்டு பாத்திரங்களைத் தேடி எடுத்தாள்.

திருச்சியிலிருந்து அக்கா மகள் லில்லி வந்து தன்னோடு கூப்பிட்டுப் பார்த்தாள். அக்கா அசைந்து கொடுக்கவில்லை. அத்தான் இறந்து மூன்று வருஷம். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் நேரே கல்லறைக்குப் போய் வாரச் செய்தி அத்தனையும் அவரிடம் ஒப்பிப்பாள். கருவேப்பிலைச் செடி உட்பட. "அவரைத் தனியா விட்டுட்டு எங்கடி வர்றது. சுவர்தானே, கட்டிக்கலாம்" என்று லில்லியை ரயிலேற்றிவிட்டாள்.

கட்டலாம்தான். தெருவிலேயே வெள்ளத்துக்கும் சேர்த்துப் பாலிசி எடுத்தவர் அத்தான் ஒருவர்தான். அன்றைக்கு எல்லாரும் சிரித்தார்கள், தாம்பரத்தில் குடிக்கவே தண்ணீர் இல்லை, வெள்ளத்துக்குப் பாலிசியா என்று. அவர் போன பிறகும் அக்கா ஒரு வருஷம்கூட விடாமல் பிரீமியம் கட்டிவந்தாள்.

டிச. 2, வியாழன்
நஷ்டத்தைக் கணக்கெடுக்க இன்சூரன்ஸ் கம்பெனி சர்வேயர் வந்தார். ஒல்லி. ஊதினால் பல்லாவரத்தில் போய் விழுவார். எதிர்வீட்டு நாற்காலியை வாங்கிப் போட்டேன். காபி. நல்ல மனுஷர்தான். அளந்தார், தட்டிப் பார்த்தார். அப்புறம் சும்மா பேச்சுக்குக் கேட்பதுபோல, இதற்கு முன்னால் தண்ணீர் வந்திருக்கிறதா என்றார்.

சனியன் என் நாக்கில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தான். நஷ்டத்தைப் பெரிதாகக் காட்டினால் அக்காவுக்கு நல்லது என்று நினைத்தேன். "வந்திருக்காவா? ஏரி எங்க வீட்டு மாப்பிள்ளை சார். ஐப்பசி பொறந்தா வந்து ஒரு வாரம் தங்கிட்டுத்தான் போவார். போன வருஷம் அலமாரியில விரால் மீன் குஞ்சு பொரிச்சுது."

அவர் சிரிக்கவில்லை. எழுதிக்கொண்டார்.

போகிற வழியில் தெருமுனை டீக்கடையிலும் விசாரித்தாராம். கடைக்கார முனுசாமி என் பரம ரசிகன். அவனே வந்து பெருமையாகச் சொன்னான்: "வருசா வருசம் வந்துகினுதான் கீதுன்னேன், மாமா. நீ கட்டில்ல குந்திக்கினு துடுப்பு போட்டுக்கினு வந்து நம்மகிட்ட டீ வாங்கிக்கினு போனியே, அத்தயும் சொல்ட்டேன்."

கண்ணால் பார்த்ததில்லை அவன். நான் அளந்ததை அப்படியே நம்பியிருக்கிறான். உண்மை: இத்தனை வருஷத்தில் ஒரே ஒரு தடவை, அதுவும் வெளிப்படியோடு நின்றுவிட்டது. உள்ளே ஒரு சொட்டு வந்ததில்லை.

டிச. 13, திங்கள்
கம்பெனியிலிருந்து பதில். வருஷா வருஷம் வெள்ளம் புகுகிற வீடு, அதை மறைத்துப் பாலிசி எடுத்திருக்கிறார், பணம் கிடையாது.

அத்தான் விண்ணப்பத்தில் 'வெள்ளம் புகுந்ததில்லை' என்று எழுதியிருந்தார். உண்மையைத்தான் எழுதினார். நாற்பது வருஷம் வாத்தியார் வேலை பார்த்து, ஒரு பையனுக்கு அரை மார்க் கூட்டிப் போடாத மனுஷர்.

அக்கா இரண்டு முறை படித்தாள். "அவரு மறைச்சாராமா?" என்றாள். என் பக்கம் திரும்பவில்லை. கேட்டிருந்தால் சமாளித்திருப்பேன். கேட்கவில்லை.

டிச. 15, புதன்
அத்தான் கோட்டை மாட்டிக்கொண்டு, மின்சார ரயிலில் பாரிமுனை போய், கம்பெனி ஆபீசில் அதிகாரியைப் பார்த்தேன். சொன்னதெல்லாம் பொய் என்று ஒப்புக்கொண்டேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"அன்னைக்குச் சொன்னது பொய்யா, இப்ப சொல்றது பொய்யா?"

ஆயுசு முழுக்க வாயால் பிழைத்தவன். அத்தான் கோட்டுப் பொத்தானைப் போட்டுப் போட்டுக் கழற்றினேன்.

கெட்டவர் இல்லை அவர். யோசித்து ஒரு வழி சொன்னார்: தம்பிக்குப் புத்தி சரியில்லை, அவன் பேச்சை எடுத்துக்கொள்ளக் கூடாது என்று வீட்டுக்காரம்மாவே எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தால் மேலே அனுப்பிப் பார்க்கலாம்.

திரும்பும்போது ரயிலில் பக்கத்துக்காரர் ஊர் எது என்று கேட்டார். தாம்பரம் என்று மட்டும் சொன்னேன்.

டிச. 16, வியாழன்
காலையில் நானே எழுதி முடித்தேன். 'ஆசியாக் கண்டத்திலேயே இவனைப் போல் ஒரு பொய்யன் பிறந்ததில்லை. தொட்டிலிலேயே பொய்யாக அழுதவன். மூளை பிறவியிலேயே ஈரம்.' கீழே அக்கா கையெழுத்துக்கு இடம் விட்டு நீட்டினேன்.

நிதானமாகப் படித்தாள். மடித்தாள். முன்கூடத்தில் மூட்டியிருந்த செங்கல் அடுப்பில் செருகினாள். மேலே உலை கொதித்துக்கொண்டிருந்தது.

வீடு போய்விடும் அக்கா என்றேன். அத்தானைப் புளுகர் என்கிறார்கள், அதையாவது யோசி என்றேன். காலில் விழுந்தேன். தள்ளி நின்றுகொண்டாள்.

"அவரு யாருன்னு எனக்குத் தெரியும், ஊருக்குத் தெரியும். உனக்கு யாருடா இருக்கா? நான் போனப்புறம் அந்தக் காகிதம்தான் உனக்கு மிஞ்சும். செங்கல்லுக்காக என் தம்பியைப் பைத்தியம்னு எழுதிக் குடுக்கமாட்டேன். போய் இலை போடு."

சாப்பிட்டேன். உப்பு இருந்ததா இல்லையா தெரியவில்லை.

டிச. 22, புதன்
பம்மல் தோல் வியாபாரி ஒருவர் மனையை மட்டும் பேசி முடித்தார். வீட்டை இடித்து, மண் கொட்டி உயர்த்தி, புதிதாகக் கட்டுவாராம். வாசல் கதவு மட்டும் நல்ல தேக்கு என்று தட்டிப் பார்த்துச் சொன்னார். அக்கா, ஆமாம், அவரே போய்ப் பார்த்து வாங்கினது என்றாள்.

லில்லி வீட்டில் ஒரே அறை. அக்கா மட்டும் போகிறாள். எனக்குச் சேலையூரில் ஒரு கார் ஷெட். அதை ஜமீன் மாளிகை என்று சொல்லிவைத்தேன். அவளும் சிரித்தாள். பாதிச் சிரிப்பு.

டிச. 25, சனி
பூசை. கேக் இல்லை. முனுசாமி பன் கொடுத்தனுப்பினான். காசு வாங்க மறுத்துவிட்டான். பாவம், எதனால் வீடு போனது என்று அவனுக்கு இன்னும் தெரியாது. சொல்லப்போவதில்லை.

டிச. 31, வெள்ளி
மேகமூட்டம். மழை இல்லை. மாலை வண்டிக்கு அக்கா திருச்சி.

மூட்டை: இரண்டு. குடை. போட்டோவை மடியில் வைத்துக்கொள்வாளாம்.

ஸ்டேஷனுக்கு முன்னால் கல்லறை. மெழுகுவர்த்தி காற்றில் நிற்கவில்லை; நான் குனிந்து கையால் மறைத்துப் பிடித்திருந்தேன். அக்கா சிலுவையில் ஒட்டியிருந்த சேற்றை முந்தானையால் துடைத்தாள். வழக்கம்போல வாரச் செய்தி. லில்லி சௌக்கியம். பள்ளிக்கூடத்தில் புது ஹெட்மாஸ்டர். அரிசி விலை. அப்புறம் துடைத்த இடத்தையே மறுபடியும் துடைத்தாள்.

"இந்த வருஷம் மழை கொஞ்சம் ஜாஸ்திங்க. வீட்டுக்கு ஒண்ணும் ஆகலை. லில்லியைப் பாத்துட்டு வந்துடறேன்."