கோயிலுக்குத் திரும்பும் கேன்

அந்தக் கேனை நீ ஏன் திருப்பிக் கொடுக்கவில்லை? சில நாள்களாக இதையே கேட்டுக்கொண்டிருக்கிறேன். பதில் எனக்குத் தெரியாது. ஓர் ஊகம் இருக்கிறது. ஆனால் ஊகத்தைப் பதில் என்று சொல்லிக்கொள்ள எனக்கு வராது என்பது உனக்குத் தெரியும்.

புக்கிட் பெருவாங்கில் என் சமையலறைத் தரையில், பழைய செய்தித்தாள் மேல் அது நிற்கிறது. மூடியின் நெம்புகோலைத் தூக்கினால் நல்லெண்ணெய் வாசம் அடிக்கிறது. அதற்கும் அடியில், எங்கோ ஆழத்தில், பெட்ரோல். இத்தனை காலம் கோயில் விளக்குக்கும் பந்தத்துக்கும் உழைத்த பிறகும் அது முழுதாகப் போகவில்லை. நீ இருந்திருந்தால் மூக்கை உள்ளே விட்டுக்கொண்டு அரைமணி நேரம் பேசியிருப்பாய்.

உன் கணவர்தான் கூப்பிட்டுக் கொடுத்தார். "மத்த கேனெல்லாம் இருக்கட்டும். இது மட்டும் கோயிலோடது. கொடுக்கணும் கொடுக்கணும்னு கார்ல ஏத்துவா, மறுபடியும் எறக்கிடுவா. கேட்டா 'அடுத்த வாரம்லா' அப்படிம்பா" என்றார். அடுத்த வாரம் என்று சொல்லிச் சொல்லியே நீ போய்விட்டாய். இப்போது தீமிதி நெருங்குகிறது. கோயிலைப் பார்த்துக்கொள்ளும் அக்கா எனக்குப் போன் செய்துவிட்டார்.

பல்கலைக்கழகத்தில் ஒரே அறையில் இருந்தபோது நீ தபால்தலைகூடச் சேர்த்ததில்லை. ரசாயன ஆசிரியையாகி அலோர் காஜாவுக்கு மாற்றல் கிடைத்து, நாற்பதைத் தாண்டிய பிறகு, திடீரென்று ராணுவத்தின் பழைய பெட்ரோல் கேன்கள் மேல் உனக்குப் பைத்தியம் பிடித்தது. எல்லாம் தகரம்தானே என்றேன். "சந்தேகப் பேயே, பெயிண்ட்ட நம்பாத. தையல பாரு" என்றாய். பற்றவைத்த விளிம்பைத்தான் நீ தையல் என்பாய். ஜெர்மானியர் செய்தது இரண்டு பாதிகளை நடுவில் சேர்த்தது, தையல் உள்வாங்கி இருக்கும். அமெரிக்கருடையதில் அடிவிளிம்பு சுருட்டியிருக்கும், மூடியைத் திருகித் திறக்க வேண்டும். பிரிட்டிஷ்காரர் ஜெர்மானியரைப் பார்த்து அப்படியே செய்தார்கள், ஆனால் டபிள்யூ, டி என்ற எழுத்துகளுக்கு நடுவில் ஓர் அம்பையும், செய்த ஆண்டையும் தகட்டிலேயே அழுத்தி வைத்தார்கள். மேலே ஏன் மூன்று கைப்பிடி என்று கேட்டேன். இரண்டு பேர் சேர்ந்து தூக்கலாம், காலியாக இருந்தால் ஒரே ஆள் ஒரு கையில் இரண்டு கொண்டு போகலாம் என்றாய். அது மட்டும் எனக்கு உண்மையாகவே பிடித்திருந்தது. உன்னிடம் சொல்லவில்லை.

பழைய சாமான் விற்கும் பாசாரில் ஒரு ஞாயிற்றுக்கிழமை நினைவிருக்கிறதா? பச்சைக் கேன் ஒன்றைத் துடைத்துத் துடைத்துக் காட்டினான் ஒரு பையன்.

"அக்கா, இது ஜப்பான்காரன் காலத்து சாமான். ஒரிஜினல்லா."

நீ அதைக் கவிழ்த்துப் பார்த்தாய். "ஜப்பான்காரன் இங்க இருந்தப்ப உங்க தாத்தாவே தொட்டில்ல கெடந்திருப்பாரு தம்பி. இந்தப் பெயிண்ட் இன்னும் கையில ஒட்டுது."

"வாங்கலன்னா போங்கக்கா. கேனை ஏன் திட்றீங்க?"

வழியெல்லாம் சிரித்தாய். அவனிடம் கொஞ்சம் மென்மையாகச் சொல்லியிருக்கலாமே என்றேன். "பொய்க்கு என்னடி மென்மை?" என்றாய்.

அந்த நீதான் டுரியான் துங்காலுக்கு அப்பால், தொழிலாளர் குடியிருந்த லயங்கள் போய்ச் செம்பனை மரங்கள் வந்துவிட்ட தோட்டத்தில், கோயில் மட்டும் மிச்சமாக நிற்கும் இடத்தில், இந்தக் கேன் முன்னால் மண்டியிட்டாய். நானும் இருந்தேன். நீ தேவாலயத்துக்குப் போகிறவள். பூசாரிக்கு அது தெரியும். ஆனாலும் செருப்பைக் கழற்றிவிட்டு நீ உட்கார்ந்த விதத்தைப் பார்த்துத் திருநீற்றுத் தட்டை நீட்டிவிட்டார். தீமிதிக்கு முன் பந்தங்களுக்கு முதல் எண்ணெய் இந்தக் கேனிலிருந்துதான் ஊற்றுவார்கள். ஒவ்வொரு திருவிழாவுக்கும் சிவப்பு பெயிண்ட் அடித்து, சந்தனம் குங்குமம் வைப்பார்கள். முந்தைய பெயிண்டைச் சுரண்டுவதில்லை, அதன் மேலேயே அடிப்பார்கள். அதனால் எழுத்து எதுவும் கண்ணுக்குத் தெரியவில்லை.

"சண்டையில ஜப்பான்காரன் தாத்தாவ இழுத்துட்டுப் போயி சயாம் ரயில் போட வச்சான்ல, அங்கேர்ந்து தூக்கிட்டு வந்தது டீச்சர்" என்றார் அக்கா. அவர் அந்தத் தாத்தாவின் பேத்தி. உன் முகத்தை அப்படி நான் பார்த்ததே இல்லை. பெயிண்டைச் சுரண்டமாட்டேன், பார்த்துவிட்டுக் கொண்டுவந்து தருகிறேன் என்று சொல்லி வாங்கிக்கொண்டாய்.

வாக்கைக் காப்பாற்றியிருக்கிறாய், ஒரு கீறல் இல்லை. ஆனால் நேற்றுக் காலை, சமையலறைக் கதவு வழியாக வெயில் சாய்வாக விழுந்தபோது, நானும் தரையில் உட்கார்ந்து தடவிப் பார்த்தேன். பெயிண்டுக்கு அடியில் அம்பு இருந்தது. அதன் கீழே ஓர் ஐந்து, பிறகு ஓர் இரண்டு. நம்பாமல் மறுபடியும் தடவினேன். ஐம்பத்திரண்டு. போர் முடிந்து, சயாமிலிருந்து பிழைத்தவர்கள் திரும்பி, ஏழாண்டு கழித்துச் செய்த கேன். எனக்கே அகப்பட்டது உன் விரலுக்கு முதல் நாளே அகப்பட்டிருக்கும்.

என் ஊகம் இதுதான். பாசார் பையனிடம் சொன்னதை அக்காவிடம் சொல்ல உனக்கு வாய் வரவில்லை. வேறு எதையாவது சொல்லிச் சமாளிக்கவும் உனக்குத் தெரியாது. அதனால் ஏற்றினாய், இறக்கினாய்.

நாளைக்கு நான் போக வேண்டும். அவர் கேட்டால் என்ன சொல்வேன்? அந்தக் குடும்பம் தாத்தாவின் பெயரில் கையில் வைத்திருப்பது இந்த ஒன்றுதான். அதை ஓர் எண்ணைச் சொல்லி நான் பிடுங்க வேண்டுமா? பொய் சொன்னாலோ, உன் பெயரில் நான் சொல்லும் முதல் பொய்யாக அது இருக்கும். கேட்டால் சொல்வது, கேட்காவிட்டால் வாயைத் திறக்காமல் வருவது என்று முடிவு செய்திருக்கிறேன். கோழைத்தனமான முடிவுதான். இதற்குமேல் எனக்குத் தோன்றவில்லை. பெட்ரோல் நிலையத்தில் யாருடைய கேனைப் பார்த்தாலும் குனிந்து விளிம்பைப் பார்க்கும் பழக்கம் எனக்கும் ஒட்டிக்கொண்டுவிட்டது என்பதை மட்டும் இங்கே எழுதி வைக்கிறேன். நேரில் சொல்லியிருந்தால் உன்னைத் தாங்கியிருக்க முடியாது.

மறுநாள் நடந்தது இது.

அக்கா கேனை இரண்டு கையாலும் வாங்கிக் கீழே வைத்தார். உனக்காகக் கொஞ்சம் அழுதார். பிறகு முகத்தைத் துடைத்துக்கொண்டு கேட்டுவிட்டார். "டீச்சர் என்னா கண்டுபிடிச்சாங்க?"

சொன்னேன். "அக்கா, இது சயாமிலேர்ந்து வந்திருக்க முடியாது. அதுக்கப்புறம் செஞ்சது. ஐம்பத்திரண்டுல."

அவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். "அது தெரியுமே."

"தெரியுமா?"

"ஆர்மி கேம்ப் காலி பண்ணப்ப அப்பா எடுத்துட்டு வந்ததுதானே. சும்மா இருந்தா லாரிக்காரனுங்க பெட்ரோலுக்குத் தூக்கிட்டுப் போயிடுவானுங்கன்னு, சயாம்லேர்ந்து வந்ததுன்னு சொல்லி வச்சாரு. செத்த எடத்து சாமான்னு ஒருத்தனும் தொடல."

"டீச்சர்கிட்ட ஏன் சொல்லல?"

"எல்லார்கிட்டயும் சொல்றதத்தான் மொதல்ல சொல்லிட்டேன். அப்புறம் எப்படிம்மா மாத்திச் சொல்றது? அவ்ளோ ஆசையா கட்டிப்புடிச்சுத் தூக்கிட்டுப் போனாங்க. பாவம், மனசு ஒடஞ்சிடும்னு நானும் அவங்களுக்குப் போன் பண்ணாமயே இருந்தேன்."

நான் சிரித்தேன். கோயில் என்பதைக்கூட மறந்து, கண்ணில் நீர் வரும்வரை சிரித்தேன். அவரும் சிரித்தார். "ஐம்பத்திரண்டுன்னா எனக்கு மூத்தது. இனிமே அக்கான்னுதான் கூப்பிடணும்" என்று கேனைத் தட்டினார்.

கொஞ்ச நேரம் கழித்து, நான் கேட்காமலே சொன்னார். "தாத்தா சயாம் போனது நெசம்தான். அவரு தம்பியும் கூடப் போனாரு. திரும்பி வந்தப்ப தாத்தா கையில ஒண்ணும் இல்ல. தம்பியும் இல்ல."

பிறகு பெயிண்ட் டப்பாவைத் திறந்து, பழைய சிவப்பின் மேல் புதுச் சிவப்பை அடிக்கத் தொடங்கினார். எண் இருக்கும் பக்கத்திலும் சிவப்பு ஏறும்படி நான் கேனைத் திருப்பிப் பிடித்துக்கொண்டேன்.