அறை எண்

6.3.2007

1. மார்ச் 1: பெண் தொழிலாளர் விடுதி மசோதாவை ஆதரித்து ஒன்பது பெண்கள் கையெழுத்திட்ட மனுவைத் தொழிற்சங்கத்தின் சார்பில் சட்டமன்ற உறுப்பினரிடம் நேரில் கொடுத்தேன். "பேரு வெளிய போகாதுங்க சார், அதுக்கு நானாச்சுங்க" என்றார்.

2. மார்ச் 5: மனுவின் நகல் அவர்கள் வேலை செய்யும் வேலம்பாளையம் பனியன் கம்பெனி மேலாளரின் மேசைக்குப் போய்ச் சேர்ந்தது.

3. இன்று: ஒன்பது பேரையும் வேலையிலிருந்து நீக்கி, பெட்டிகளை விடுதி வாசலில் வைத்துவிட்டார்கள்.

விடுதிக் கதவை இரவில் வெளியே பூட்டக் கூடாது என்பதுதான் அந்தப் பெண்கள் கேட்டது. வேறெதுவும் கேட்கவில்லை.

இப்போது என் வீட்டுக் கூடத்தில் படுத்திருக்கிறார்கள். சாப்பிடும்போது அவர்களில் ஒருத்தியான முத்துமாரி நிமிராமலே சொன்னாள்: "ரூம் நம்பரையும் எழுதச் சொன்னியளே சார். அதப் பாத்துத்தான் ஒவ்வொருத்தியாக் கூப்பிட்டாவ."

அறை எண் இல்லாத மனுவை எவரும் மதிக்க மாட்டார்கள் என்று வற்புறுத்தியவன் நான். அதற்கென்று தனிக் கட்டம் வரைந்ததும் என் கைதான்.

"ஊருக்குப் போனா அப்பாட்ட என்னன்னு சொல்லட்டும் சார்?" என்றாள். நான் குழம்பை அவள் பக்கம் நகர்த்தினேன்.

மசோதா 14ஆம் தேதி விவாதத்துக்கு வருகிறது. அந்த மனுவை யாரிடம், எதற்காகக் கொடுத்தார் என்று 13ஆம் தேதி மாலை ஐந்து மணிக்குள் உறுப்பினர் எனக்கு எழுத்து மூலம் பதில் தர வேண்டும்.

முத்துமாரிக்கு நான் விடிவதற்குள் பதில் சொல்ல வேண்டும்.