தோளில் ஒரு தட்டு

மண்ணூர்பேட்டை,
9.11.2025

கஜபதிக்கு,

எட்மண்ட் எழுதுவது. உறையில் என் கையெழுத்தைப் பார்த்தால் பிரிக்காமல் ஓரமாக வைத்துவிடுவாய் என்று, விலாசத்தை மட்டும் என் மகள் ஆஷ்லியை எழுதச் சொன்னேன்.

என் தம்பி ஜோஸ் உனக்கு நான்கு தடவை போன் செய்தானாம். நீ எடுக்கவில்லை. ஐந்தாவது தடவை எடுத்து, "ஹலோ, ஹலோ" என்று இரண்டு முறை சொல்லிவிட்டு வைத்துவிட்டாயாம். அவனுக்குக் கோபமில்லை. எனக்குத்தான்.

விஷயம் இதுதான். வரும் பொங்கலோடு நாம் மணப்பாடு போய்ப் பதினெட்டு வருஷம் ஆகிறது. அதே பாதையில் மறுபடி போகவேண்டும் என்று ஜோஸ் கிளம்பியிருக்கிறான். அவனுடைய ஆபீஸ் ஆட்களையும் சேர்த்துப் பத்துப் பேர், இரண்டு வண்டி, ஆளுக்கு ஒரு முதுகுப்பை. தேரிக்காட்டுச் செம்மணலில் குறுக்கே ஓட்டிப்போய், கடற்கரையில் டென்ட் அடித்து இரண்டு நாள். அன்று நம்மோடு வந்த வெங்கட்டும் வருகிறான். இப்போது அவனுக்குச் சர்க்கரை, ஆனாலும் கருப்பட்டிக் காப்பி போடுவது அவன் வேலையாம். ராணுவ டிஸ்போசல் ஏலத்தில் எடுத்த அந்த ஜீப்பை நான் விற்கவில்லை. பட்டறையில் தார்ப்பாய்க்கு அடியில் இத்தனை வருஷமும் அப்படியே நிற்கிறது.

ஜோஸ் ஒரே பிடியாக நிற்கிறான். பிளேட் வைத்த காலை முக்காலிமேல் தூக்கிப் போட்டுக்கொண்டு, "கஜாண்ணன் ஓட்டலன்னா நான் வர்ல. நீ இன்னா வேணா பண்ணிக்கோ" என்கிறான்.

இதை நான் கூப்பிடுவதாக எடுத்துக்கொள்ள வேண்டாம். அவனுக்காகக் கேட்கிறேன். வருவாயா, மாட்டாயா, ஒரு வரி எழுது.

எட்மண்ட்


முத்தாபுதுப்பேட்டை,
17.11.2025

அன்புள்ள எட்மண்டுக்கு,

நீ 'அன்புள்ள' போடாவிட்டால் நானும் போடக்கூடாது என்று சட்டமா? சிறுவயதில் டாங்கி பேக்டரி குவார்ட்டர்ஸில் இருந்த காலத்தில் கோலிக்குண்டுக்குக்கூட என்னோடு இரண்டு நாள் பேசாமல் இருந்தவன் நீ. அந்தக் கணக்கில் பதினெட்டு வருஷம் உனக்கு அதிகமில்லை.

உறையில் ஆஷ்லி எழுத்து மணி மணியாக இருக்கிறது. கடைசியாகப் பார்த்தபோது ஜீப் பானெட் மேல் உட்கார்ந்து இறங்கமாட்டேன் என்று அழுதாள்.

நான் ஓய்வுபெற்று ஒன்றரை வருஷம் ஆகிறது. பேக்டரியில் செய்த டாங்கியை டெஸ்ட் டிராக்கில் ஓட்டிய கைக்கு இப்போது கஸ்தூரி காய்கறிப் பையைக் கொடுத்து அனுப்புகிறாள். வீட்டில் சௌகரியத்துக்குக் குறைச்சலில்லை.

அந்தப் பயணத்தில் ஒன்றும் எனக்கு மறக்கவில்லை. தேரியில் முதல் மேட்டை ஏறி இறங்கியதும் நம் நான்கு பேர் மூஞ்சியும் மிளகாய்ப்பொடி கொட்டினமாதிரி சிவந்திருந்தது. வெங்கட் வடித்த சோற்றில் பாதி மணல். அதை அவன் ஒப்புக்கொள்ளாமல் 'மிளகு' என்று சாதித்தான். மணப்பாட்டில் அந்தக் குன்றின்மேல் சிலுவைக் கோயிலைப் பார்த்ததும் நீ வண்டியை நிறுத்தச் சொல்லி மண்டியிட்டாய். என் பின்னால் உட்கார்ந்து நீ தோளில் தட்டியது எல்லாவற்றுக்கும் மேல். இடது தோளில் தட்டினால் இடம், வலது தோளில் தட்டினால் வலம், முதுகில் தட்டினால் போ, தலையில் தட்டினால் நில். டாங்கியில் எங்கள் பழைய ஆட்கள் அப்படித்தான் என்று நான் சொன்னதும் சின்னப் பையன் மாதிரி நீ அதைப் பிடித்துக்கொண்டாய். என் தலையில் அடிக்க உனக்கு அவ்வளவு ஆசை.

ஆனால் நான் வரவில்லை. எனக்கு இப்போது ஓட்டுவதில் நாட்டமில்லை. ஜோஸிடம் பக்குவமாகச் சொல். போனில் பேச எனக்கு வராது. எழுதினால் பதில் போடுவேன்.

உன்
கஜபதி


மண்ணூர்பேட்டை,
30.11.2025

கஜபதி,

கடிதம் வந்தது. மணல் சோறு ஞாபகமிருக்கிறது, மிளகு ஞாபகமிருக்கிறது. ஜோஸின் கால் மட்டும் உன் இரண்டு பக்கத்தில் ஒரு வரிக்கும் வரவில்லை. ஆகையால் நான் எழுதுகிறேன்.

கடற்கரையில் இறங்கும் முன் டயரில் பாதிக் காற்றைப் பிடுங்கிவிட வேண்டும் என்று நான் சொன்னேன். மணலில் டயர் பரந்து உட்கார்ந்தால்தான் ஓடும். நீ சிரித்தாய். "டாங்கிக்கு இன்னா காத்தா புடுங்கறோம்? அழுத்தனா போய்க்கினே இருக்கும்" என்றாய். டாங்கிக்கு டயரே கிடையாது என்று சொன்னால் அதற்கும் சிரித்தாய். நூறடி போவதற்குள் பின்சக்கரம் இரண்டும் புதைந்தது. நான் கோபத்தில் இறங்கிப் பின்னால் போய் நின்றேன். ஜோஸ் சக்கரத்தடியில் கையால் மணலை வாரிக்கொண்டிருந்தான். நீ ரிவர்ஸ் போட்டாய். "நிறுத்து, நிறுத்து" என்று நானும் வெங்கட்டும் தொண்டை கிழியக் கத்தினோம். நீ இன்னும் அழுத்தினாய். வண்டி அவன் கணுக்கால்மேல் ஏறியது.

அதையும் பொறுத்துக்கொண்டேன். ஜோஸை நீதான் தோளில் போட்டுக்கொண்டு ஊருக்குள் ஓடினாய், அதை நான் மறைக்கவில்லை. தூத்துக்குடி ஆஸ்பத்திரியில் அவனை உள்ளே கொண்டுபோனபிறகு நீ வராந்தா ஜன்னலைப் பார்த்து நின்றாய். எனக்கு மனசு கேட்கவில்லை. உன் பின்னால் வந்து, "மச்சான், வா, டீ குடிக்கலாம்" என்றேன். மூன்று தடவை சொன்னேன். நீ திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

தம்பி காலை உடைத்தவனை நானே போய்க் கூப்பிடுகிறேன், அவன் முதுகைக் காட்டிக்கொண்டு நிற்கிறான். அன்றோடு முடிந்தது. ஜோஸ் உன்னை மன்னித்திருக்கலாம். என்னால் முடியாதது அந்த முதுகைத்தான். இதற்குப் பதில் இருந்தால் எழுது. இல்லையென்றால் பழங்கதை எழுதாதே.

எட்மண்ட்


முத்தாபுதுப்பேட்டை,
21.12.2025

அன்புள்ள எட்மண்டுக்கு,

மூன்று வாரமாக எழுதிக் கிழித்தேன். கடைசியில் கஸ்தூரி உன் கடிதத்தை எடுத்துப் படித்துவிட்டு, "நீங்க எழுதறீங்களா, நான் எழுதட்டுமா" என்று கேட்டாள். கேட்டாள் என்றால் பால் கணக்கு நோட்டில் எழுதிக் காட்டினாள்.

எனக்குக் காது கேட்காது, எட்மண்ட்.

இப்போது இரண்டு காதும் இல்லை. மணப்பாடு போனபோதே வலது காது போய்விட்டது, இடதில் பாதிதான் மிச்சம். யாரையும் குறை சொல்வதற்கில்லை. டாங்கி இரைச்சலுக்குக் காதடைப்பான் கொடுத்தார்கள், அதைப் போட்டால் என்ஜின் பேசுவது தெரியாது என்று பெருமைக்குக் கழற்றி வைத்தவன் நான். வருஷா வருஷம் காது பரிசோதனையில், ஒலிக்கான பொத்தானை அழுத்தும்போது சோதிக்கிற அம்மாவின் தோள் அசைவதைப் பார்த்துக் கையைத் தூக்குவேன். தெரிந்தால் ஓட்டுகிற வேலையிலிருந்து எடுத்துவிடுவார்கள். ஓட்டுவதைத் தவிர எனக்கு என்ன தெரியும், சொல்.

தோளில் தட்டுகிற வழக்கம் எங்கள் பழைய ஆட்களுடையது என்பது நிஜம். ஜீப்பில் அதை நான் ஏன் வைத்தேன் என்பதைத்தான் உன்னிடம் சொல்லவில்லை. நீ பின்னால் இருந்தால் எனக்குக் காது வேண்டியதில்லை. தேரிக்காடு முழுக்க நான் ஓட்டியது உன் கையை நம்பித்தான்.

கடலும் என்ஜினும் ஒன்றாக இரைந்தபோது என் தலைக்குள் ஒரே அடைப்பு. தலையில் தட்டு விழவில்லை, ஆகவே போகலாம் என்று நினைத்தேன். நீ இறங்கியதை நான் பார்க்கவில்லை. டயர் விஷயத்தில் நீ சொன்னது சரி. அந்தத் திமிர் என்னுடையதுதான். காதைச் சொல்லி அதிலிருந்து தப்பிக்க மாட்டேன். ஜோஸின் கால் என் பாவம்.

ஆனால் வராந்தாவில் நீ கூப்பிட்டது எனக்குத் தெரியாது. நான் திரும்பியபோது நீ படியிறங்கிப் போய்க்கொண்டிருந்தாய். ஒரு வார்த்தை பேசாமல் போகிறாய், அது நியாயந்தான் என்று நினைத்தேன். பதினெட்டு வருஷமும் அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். 'மச்சான், வா, டீ குடிக்கலாம்' என்பதை உன் கடிதத்தில் படித்துவிட்டு அழுதேன், எட்மண்ட். கஸ்தூரி பயந்துபோய் லைட்டை அணைத்து அணைத்துப் போட்டாள். அவள் என்னைக் கூப்பிடுவது அப்படித்தான்.

வேலை இருந்தவரை வாய் திறக்க வழியில்லை. அப்புறம், இவ்வளவு நாள் கழித்துச் சொன்னால் சாக்கு என்று நினைப்பாய் என்று விட்டுவிட்டேன். இப்போதும் அப்படித் தோன்றினால் நீ எழுத வேண்டாம், நான் வருத்தப்பட மாட்டேன். ஜோஸை மட்டும் போய்வரச் சொல். டயரில் காற்றைப் பிடுங்கிவிட்டு இறங்கச் சொல்.

வீட்டில் எல்லோருக்கும் கிறிஸ்துமஸ் வாழ்த்து.

கஜபதி


மண்ணூர்பேட்டை,
4.1.2026

என் அன்பு மச்சானுக்கு,

கடிதத்தை ஜோஸிடம் கொடுத்தேன். படித்துவிட்டு அவன் சொன்னது: "அப்போ தட்ட வேண்டிய ஆளு நீதானேண்ணா. நீ ஏன் எறங்கின?"

கிறிஸ்துமஸ் வாரம் முழுக்க எனக்குக் கேக் இறங்கவில்லை. வண்டி புதைந்தால் மற்றவர்கள் இறங்கலாம், பின்னால் உட்கார்ந்து தட்டுகிறவன் இறங்கக்கூடாது என்று முதல் நாளே நீ சொல்லியிருந்தாய். டயர் கோபத்தில் நான் இறங்கினேன். உன் காது விஷயம் தெரியாமல்தான் இறங்கினேன், ஆனாலும் இறங்கினேன். இத்தனை வருஷம் உன்னைத் திட்டிய திட்டில் பாதியை நான் திரும்ப வாங்கிக்கொள்கிறேன். மீதிப் பாதி உனக்கே. டாங்கிக்குக் காற்றா என்று சிரித்ததற்கு.

வராந்தாவில் அன்று உன் தோளுக்கும் என் கைக்கும் ஒரு முழம் இடைவெளிகூட இருந்திருக்காது. மூன்று தடவை கூப்பிட்டேனே, ஒரு தடவை தொட்டிருக்கலாம். இதை நினைத்தால்தான் எனக்கு ஆறவில்லை, மச்சான்.

நேற்று தார்ப்பாயை எடுத்தோம். ஜீப்புக்குப் புது பேட்டரி, புது டயர். அரை நாள் முரண்டு பிடித்துவிட்டு ஓடியது. அங்கே போய்ச் சேரும் வரைக்கும் ரோட்டில் ஜோஸ் ஓட்டுவான். தேரியில் நீ. வெங்கட்டுக்கும் ஆபீஸ் ஆட்களுக்கும் ஜோஸ் சொல்லிவிட்டான்: ஓட்டுகிறவருக்குக் காது கேட்காது, யாரும் கத்த வேண்டாம், பின் சீட்டு எட்மண்ட் அண்ணனுக்கு மட்டும். காற்று பிடுங்குவதை நான் செய்கிறேன். நீ அந்தப் பக்கமே வராதே.

மாட்டுப் பொங்கலன்று காலை ஐந்து மணிக்கு உன் வீட்டுக்கு வருகிறேன். முதுகுப்பையை எடுத்து வை. கஸ்தூரியைக் கதவுக்குத் தாழ் போடவேண்டாம் என்று சொல்.

வாசலில் ஹாரன் அடிக்க மாட்டேன். உள்ளே வந்து தோளில் தட்டுகிறேன்.

உன் மச்சான்
எட்மண்ட்