உன் கம்ப்யூட்டர் இப்போது இரைவதில்லை

பாசமுள்ள மாப்ளே சேகரு,

அங்கே உன் கையில் மைக் கொடுத்துவிட்டார்களா? கொடுக்காவிட்டாலும் நீ சும்மா இருந்திருக்க மாட்டாய். இலுப்பூரில் நம் விளம்பர ஒலிப்பதிவுக் கடை திறந்துதான் இருக்கிறது. அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம்.

நீ கண்ணை மூடிய பிறகு மூன்று மாதம் கடைப்பக்கம் போகவே மனமில்லை. எனக்குக் கம்ப்யூட்டர் வேலை தெரியும், பேச வராதே. விற்றுவிடலாம் என்று ஆள்கூடப் பார்த்துவிட்டேன். அப்போதுதான் உன் மனைவி வளர்மதி வந்து நின்றாள்.

"அண்ணே, ஆட்டோ வெளம்பரத்துக்கு நான் பேசிப் பாக்கவா? அவரு எழுதுனத வீட்டுல மொதல்ல வாசிச்சுக் காட்டுனது நான்தானே."

இதை ஏன் என்னிடம் ஒரு நாளும் சொல்லவில்லை நீ?

பேசவைத்துப் பதிவு செய்தேன். மெல்லிய குரல், ஆனால் ஒவ்வொரு சொல்லும் தெளிவு. போட்டுக் கேட்டால், பின்னால் நம் கம்ப்யூட்டர் ஃபேன் ரைஸ்மில் மாதிரி ஓடுகிறது. உன் தொண்டைக்கு முன்னால் அது எடுபடவில்லை. அதனால் இத்தனை வருடமும் நமக்குத் தெரியாமலே போயிற்று.

அடுத்து நான் செய்த காரியத்தைக் கேட்டால் சிரிப்பாய். குழாய் ஸ்பீக்கர் கட்டிய இடத்தில் தூறல் விழுந்தால் ஆம்ப்ளிஃபயரைப் போர்வையால் மூடுவோமே, அந்தப் பழக்கத்தில் கம்ப்யூட்டரையும் இழுத்துப் போர்த்திவிட்டேன். சத்தம் குறைந்தது. "பக்தகோடிகள் அனைவரும்" என்று அவள் சொல்லி முடிப்பதற்குள் சூடேறி அணைந்துவிட்டது. மூன்று தடவையும் அப்படியே.

"நான் பேசுறது அதுக்கே புடிக்கல போலண்ணே. விடுங்க, நான் போறேன்" என்று பையை எடுத்துக்கொண்டாள். எனக்கு என்மேலேயே ஆத்திரம் வந்தது.

மறுநாள் புதுக்கோட்டைக்கு பஸ் ஏறினேன். கம்ப்யூட்டர் கடைக்காரர் விஷயத்தைக் கேட்டதும், "போர்வையப் போத்துனா சூடு எங்கிட்டுப் போகும்ங்க?" என்று கேட்டுவிட்டு, ஃபேன் கன்ட்ரோலர் ஒன்றை எடுத்துக் கொடுத்தார். வீட்டு ஃபேன் ரெகுலேட்டர் மாதிரிதான். குமிழைத் திருகினால் ஒவ்வொரு ஃபேனும் தனித்தனியாக வேகம் குறையும். உள்ளே அப்பியிருந்த தூசியை வழித்தெடுத்துவிட்டு மாட்டினேன். பேசும்போது மெதுவாகச் சுற்றவிட்டு சூட்டைப் பார்த்துக்கொள்கிறேன். பேசி முடித்ததும் வேகத்தைக் கூட்டிவிடுகிறேன்.

வளர்மதியை வீட்டுக்கே போய்க் கூப்பிட்டேன். "இன்னொரு தடவ மட்டும் தங்கச்சி. நேத்து தப்பு ஒன்மேல இல்ல, என்மேலதான்" என்றேன். அரைமனதாக வந்தாள். ஃபேன் இருக்கிற இடமே தெரியவில்லை. குடமுழுக்கு அறிவிப்பை ஒரே மூச்சில் வாசித்துவிட்டு, "நின்னுருச்சாண்ணே?" என்று திரும்பிப் பார்த்தாள். நிற்கவில்லை என்றதும் அவள் சிரித்த சிரிப்பை நீ பார்த்திருக்க வேண்டும்.

அந்தப் பதிவைப் போட்டுக்கொண்டு சுற்றிய ஆட்டோக்காரர் மறுநாள் சாயங்காலம் வந்தார். "இனிமே இவங்களையே பேசச் சொல்லுங்க. சனங்க வண்டிய நிப்பாட்டி ரெண்டாந்தரம் போடச் சொல்லிக் கேக்குறாங்க" என்றார். இப்போது கீரமங்கலத்திலிருந்தெல்லாம் தேடி வருகிறார்கள்.

கோவித்துக்கொள்ளாதே மாப்ளே, உன்னைவிட நன்றாகப் பேசுகிறாள். கடையை விற்கமாட்டேன், இது உனக்கு நான் கொடுக்கும் வாக்கு. பெயர்ப்பலகையில் உன் பெயர் அப்படியேதான் இருக்கும். அதற்கு மேலே அவள் பெயரை எழுதச் சொல்லியிருக்கிறேன்.

இப்படிக்கு,
உன் தங்கமான பெண்சாதிக்கு அண்ணன், உனக்கு என்றும் மச்சான்,
ராசு