நார் ஒட்டிய கதவு

நவ. 3, திங்கள்

எங்கள் ஆய்வுக்கூடத்துக்குத் தலைவரான டாக்டர் சோதனை அறிக்கையில் பொய் எழுதியிருக்கிறார்.

ஸ்கூடாய் பல்கலைக்கழகத்தில் காலையிலிருந்து மழை. காலுறை ஈரம். எண்ணெய் எடுக்கும் செம்பனைக் குலைகளை நீராவியில் வேகவைக்கும் உருளைக்கு, எங்கள் ஆய்வுக்கூடம் செய்த புதுப் பூட்டு. கதவு முழுக்கப் பூட்டினால்தான் பச்சை விளக்கு எரிய வேண்டும். சுத்தமான கதவில் தவறே இல்லை. பாலோ எண்ணெய் ஆலையிலிருந்து எண்ணெய் படிந்த பழநாரைக் கொண்டுவந்து விளிம்பில் அப்பினேன். பாதி பூட்டிய கதவுக்கே பச்சை. இரண்டு முறை.

அந்த இரண்டும் அறிக்கையில் இல்லை. ‘சோதித்தவர்: ஸ்டெல்லா’ என்று என் பெயர் மட்டும் இருக்கிறது. வெள்ளிக்குள் என் கையெழுத்து வேண்டுமாம். அடுத்த மாதம் பாலோவில் பொருத்துகிறார்கள். என் ஒப்பந்தமும் அடுத்த மாதம் முடிகிறது.

வாங்க: சவர்க்காரம், சிவப்புப் பேனா, மாமாவுக்கு ரொட்டி.

அம்மா போனில். செனாய் தொழிற்சாலை, பாலோ ஆலை, இப்போது பல்கலைக்கழகம் என்று வேலை மாறிக்கொண்டே இருக்கிறேனாம். எங்காவது உட்கார மாட்டாயா என்றார்.

நவ. 5, புதன்

விடுப்பு. பாலோ போகும் வழியில் யோங் பெங் தாண்டியதும் வெயில். சூசை மாமா, அம்மாவின் தம்பி. பாலோவில் அந்தக் கதவைத் திறந்து மூடுகிறவர். ஆலை வாசல் கடையில் பாலில்லாத தேநீர், தே ஓ.

“வாங்க இஞ்சினியரம்மா. ஒரு எடத்துல கால் நிக்காதோ?”

கதவு விளிம்பைத் துடைப்பீர்களா என்று கேட்டேன்.

“லோரி வரிசையா நிக்கும்போது எங்க தொடைக்கிறது? பச்ச எரிஞ்சா ஆவிய தொறந்துருவோம் லா.”

கதவு பிய்த்துக்கொண்டால் எதிரில் நிற்பது அவர்.

பழைய பூட்டு எப்படி இருக்கிறது என்றேன்.

“நீ கட்டுன கம்பிதான். இன்னும் அப்படியே இருக்கு.”

நான் அங்கே வேலை பார்த்தபோது, பழம் மலையாய்க் குவிந்த ஒரு நாள், பூட்டின் சுவிட்சைக் கம்பியால் கட்டி, பூட்டாமலே பூட்டியதாகக் காட்ட வைத்தேன். அன்று ஒரு நாளைக்கு மட்டும் என்று.

அவிழ்க்கச் சொன்னேன். மேனேஜர் சொல்லாமல் தொட முடியாதாம், புதுசு வரட்டுமாம். புதுப் பூட்டைச் சோதித்தது தன் அக்கா மகள் என்று மாமா எல்லாரிடமும் சொல்லி வைத்திருக்கிறார்.

மேனேஜருக்குக் கம்பியைப் பற்றி எழுதிப் போட்டேன். கட்டியவள் நான் என்பதையும்.

நவ. 7, வெள்ளி

காலை, இரண்டாம் ஆண்டு மாணவர்களுக்குப் பாதுகாப்பு வகுப்பு. கம்பிக் கதையைச் சொன்னேன். யார் கட்டியது என்றாள் பின்வரிசைப் பெண். நான்.

பிறகு டாக்டர் அறை. நார் அப்பியது திட்டத்தில் இல்லாத சோதனை, அதனால் கணக்கில் வராது என்கிறார். ஆலையில் நார் இல்லாத கதவைக் காட்டுங்கள் என்றேன்.

“இந்தக் கட்டடத்துல நம்ம தமிழ் ஆளுங்க நாலே பேரும்மா. நீயே காலை வாரலாமா?”

நம்ம ஆளுங்களாம். கதவுக்கு முன்னால் நிற்பவர் யாருடைய ஆள்?

கையெழுத்துப் போடவில்லை. பத்தரைக்கு டாக்டருக்குச் செய்தி அனுப்பினேன். படித்துவிட்டார். மதியம் மறுபடி. அதையும் படித்தார். மழை. இப்போது ஐந்தேகால், மூன்றாவது முறை, அதே வரி:

அந்த இரண்டு சோதனைகளையும் அறிக்கையில் சேருங்கள், டாக்டர்.